எலிக்குச் சரியானது பெரியப்பாவுக்கு ஏன் சரியாகவில்லை

எலிகளுக்குப் பார்க்கின்சன் நோய் வருவதில்லை. சுண்டெலிகளுக்கும் வருவதில்லை. எவ்வளவு வயதானாலும் மனிதர்களுக்கு வருகிற அந்த நோய் அவற்றுக்குத் தானாக வராது. ஆய்வகத்தில் "பார்க்கின்சன் எலி" என்று நாங்கள் சொல்வது, நோயின் ஏதோ ஒரு துண்டை நாங்களே மூளைக்குள் உண்டாக்கி வைத்த எலியைத்தான். எந்தத் துண்டு என்பது எலிக்கு எலி மாறும். இது மட்டும் மனதில் இருந்தால், "எலிகளில் பார்க்கின்சன் குணமானது" என்று வரும் செய்திகளை வேறு விதமாகப் படிக்கத் தோன்றும்.

முனைவர் பட்டத்துக்காகவும் அதற்குப் பிறகும் சில ஆண்டுகள் இந்த எலிகளோடு வேலை பார்த்தேன். அந்தக் காலத்தில்தான் பெரியப்பாவுக்கு இந்த நோய் இருப்பது தெரியவந்தது. முதலில் கையெழுத்து சிறுத்துக்கொண்டே போனது. அப்புறம் வலது கையில் நடுக்கம், நடக்கும்போது அந்தக் கை மட்டும் வீசாமல் உடம்போடு ஒட்டியே இருப்பது. குடும்பத்தில் இந்தத் துறையில் இருப்பவள் நான் ஒருத்திதான் என்பதால் கேள்விகள் எல்லாம் என்னிடம் வரும். செய்தி ஏதாவது கண்ணில் பட்டால் உடனே கூப்பிடுவார். "ஏம்மா, எலிக்கெல்லாம் சரியாயிடுச்சாமே, எங்களுக்கு எப்போ?" என்பார். தொலைபேசியில் நான் சொன்ன பதில்கள் எல்லாம் துண்டு துண்டானவை. அவருக்கும், அவரைப் போல இந்தக் கேள்வியோடு இருக்கும் மற்றவர்களுக்கும் முழுதாகச் சொல்ல வேண்டும் என்று வெகுநாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

நோயைப் பற்றிச் சுருக்கமாக. நடுமூளையில் சப்ஸ்டான்ஷியா நைக்ரா என்று ஒரு சிறு பகுதி உண்டு. அங்கிருக்கும் நரம்பு செல்கள் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் செய்து, நீண்ட இழைகள் வழியாக ஸ்ட்ரையேட்டம் என்ற பகுதிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கின்றன. நாம் நினைத்தவுடன் கை கால் அசைவதற்கு அது வேண்டும். பார்க்கின்சனில் இந்த செல்கள் பல ஆண்டுகளாக மெல்ல மெல்ல மடிகின்றன. மடியாமல் மிஞ்சியிருக்கும் செல்களுக்குள் ஆல்ஃபா சைநியூக்ளின் என்ற புரதம் திரண்டு, லூயி உருண்டைகள் என்று சொல்லப்படும் கட்டிகளாகக் கிடக்கும். மலச்சிக்கல், வாசனை தெரியாமல் போவது, தூக்கத்தில் கையைக் காலை உதறுவது ஆகியவை நடுக்கத்துக்குப் பல வருடங்கள் முன்பே தொடங்கியிருக்கலாம். ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-ல் இந்த நோயை விவரித்தார். ஆனால் டோபமைன்தான் குறைகிறது என்பது 1960-ல் வியன்னாவில் எரிங்கர், ஹார்னிகீவிச் இருவரும் இறந்தவர்களின் மூளையை அளந்து பார்த்த பிறகே உறுதியானது.

அதற்கு மூன்று ஆண்டுகள் முன்னதாக, 1957-ல், சுவீடனில் ஆர்விட் கார்ல்சன் முயல்களுக்கு ரிசர்பின் என்ற மருந்தைக் கொடுத்தார். மூளையில் இருந்த டோபமைன் வற்றி, முயல்கள் காதைத் தொங்கப்போட்டு அசையாமல் உட்கார்ந்துவிட்டன. பிறகு டோபா என்ற பொருளை ஊசியில் ஏற்றியதும் சிறிது நேரத்தில் எழுந்து நடமாடின. பெரியப்பா இன்றைக்கும் விழுங்குகிற லெவோடோபா மாத்திரையின் கதை அங்கேதான் தொடங்குகிறது. எனவே விலங்குகளை வைத்துச் செய்யும் ஆய்வால் இந்த நோயாளிகளுக்கு எதுவும் கிடைக்கவில்லை என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இந்த நோய்க்கு இன்றுவரை இருக்கும் மிகச் சிறந்த மருந்து அந்த வழியில் வந்ததுதான்.

சரி, எலிக்கு வருவோம். நான் அதிகம் வேலை செய்தது 6-ஹைட்ராக்ஸிடோபமைன் எலிகளோடு. 1968-ல் ஸ்டாக்ஹோமில் உர்பான் உங்கர்ஸ்டெட் தொடங்கி வைத்த முறை அது. 6-ஹைட்ராக்ஸிடோபமைன் ஒரு நச்சுப்பொருள். பார்வைக்கு டோபமைனைப் போலவே இருப்பதால், டோபமைன் செல்கள் அதைத் தங்களுடையது என்று உள்ளே இழுத்துக்கொள்ளும். உள்ளே போனதும் அது செல்லைக் கொன்றுவிடும். ரத்தத்தில் ஏற்றினால் மூளைக்குள் நுழையாது, அதனால் நேராக மூளைக்குள்தான் செலுத்த வேண்டும்.

அந்த அறுவை சிகிச்சையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். "எலிக்கு நோயை வரவழைத்தோம்" என்று ஒரு வரியில் எழுதிவிட்டுப் போவதில் எனக்கு உடன்பாடில்லை.

மயக்க மருந்து கொடுத்து, இடுக்கியால் கால் விரல் நடுவே கிள்ளினால் காலை இழுக்கிறதா என்று பார்ப்போம். இழுக்கவில்லை என்றால் மட்டுமே அடுத்த வேலை. தலையை ஸ்டீரியோடாக்சிக் சட்டத்தில், இரண்டு காதுத் தண்டுகளுக்கும் பல் கம்பிக்கும் இடையே, அசையாமல் நிறுத்த வேண்டும். காதுத் தண்டு சரியாக உட்கார்ந்துவிட்டதைக் கை தானாக உணரும், அது வருவதற்கு நாளாகும். கண் உலர்ந்துவிடாமல் களிம்பு, உடம்பு குளிர்ந்துவிடாமல் அடியில் வெப்பத் திண்டு. தோலை விலக்கினால் மண்டையோட்டில் எலும்புகள் சேரும் இடத்தில் பிரெக்மா என்ற புள்ளி தெரியும். அளவுகள் எல்லாம் அதிலிருந்துதான். பாக்ஸினோஸும் வாட்சனும் 1982-ல் வெளியிட்ட எலி மூளை வரைபடம் எல்லா ஆய்வகத்திலும் ஓரம் கிழிந்து, கறை படிந்து மேசைமேல் கிடக்கும். டோபமைன் இழைகள் கற்றையாகப் போகும் பாதையைப் பிடிக்க வேண்டுமானால், பிரெக்மாவிலிருந்து சுமார் நாலரை மில்லிமீட்டர் பின்னே, ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல் பக்கவாட்டில், எட்டு மில்லிமீட்டர் அளவுக்குக் கீழே போக வேண்டும். அரை மில்லிமீட்டர் தள்ளிப் போனாலும் அந்த எலியால் பயனில்லை. ஒரு உயிரை வீணாக்கியதாகிவிடும்.

நச்சுக் கரைசல் காற்றும் வெளிச்சமும் பட்டால் கெட்டுவிடும். அஸ்கார்பிக் அமிலம் கலந்த உப்புநீரில் கரைத்து, குப்பியை அலுமினியத் தாளில் சுற்றி ஐஸில் வைத்திருப்போம். நிறமில்லாமல் இருக்க வேண்டியது இளஞ்சிவப்பாக மாறியிருந்தால் கொட்டிவிட வேண்டும். ஹாமில்டன் சிரிஞ்சில் சில மைக்ரோலிட்டர், நிமிடத்துக்கு ஒரு மைக்ரோலிட்டருக்கு மேல் போகாமல் செலுத்துவோம். முடிந்ததும் ஊசியை உடனே எடுக்கக்கூடாது, எடுத்தால் கரைசல் அதே தடத்தில் மேலேறி வந்துவிடும். சில நிமிடம் அப்படியே வைத்திருந்து, மெதுவாக வெளியே எடுத்துத் தையல் போடுவோம். முன்கூட்டியே டெசிப்ரமின் கொடுத்திருப்போம், நார்அட்ரினலின் செல்கள் நச்சை உறிஞ்சிவிடாமல் காப்பதற்காக.

இவ்வளவும் மூளையின் ஒரு பக்கத்தில் மட்டும். இரண்டு பக்கமும் செய்தால் எலி தானாகச் சாப்பிடாது, தண்ணீர் குடிக்காது, செத்துப்போகும். ஒரு பக்கம் மட்டும் செய்த எலியைப் பிழைக்க வைக்கலாம், அதுவும் முதல் சில நாட்கள் கூடவே இருந்து கவனித்தால்தான். தீவனத்தைத் தண்ணீரில் ஊறவைத்துக் கூழாக்கிக் கூண்டின் தரையிலேயே வைப்போம். தினமும் எடை பார்ப்போம், வலி மருந்து தவறாமல் போகும். எடை குறைந்துகொண்டே போகும் எலிக்குத் தோலடியில் உப்புநீர் ஏற்றி, இரவு ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வருவதும் வேலையில் சேர்ந்ததுதான். எந்த ஆய்வுக் கட்டுரையிலும் இது ஒரு வரிக்கு மேல் இருக்காது. ஆனால் இந்த எலிகளை வைத்து வந்த ஒவ்வொரு முடிவுக்கும் பின்னால் அப்படி யாரோ இரவில் போய்ப் பார்த்திருக்கிறார்கள்.

சில வாரங்கள் கழித்து எலியைப் பார்த்தால் முதலில் ஒன்றும் தெரியாது. கூண்டில் நடக்கும், தின்னும், மற்ற எலியோடு சேர்ந்து தூங்கும். அபோமார்ஃபின் என்ற மருந்தை ஊசியில் கொடுத்தால்தான் தெரியும். பழுதான பக்கத்தில் டோபமைன் வராமல் ஏங்கிக் கிடக்கும் ஏற்பிகள் அந்த மருந்துக்கு மிகையாகத் துடித்தெழும். ஒரு பக்கத் துடுப்பை மட்டும் வலித்தால் படகு சுற்றுமே, அதுபோல எலி ஒரே திசையில் சுற்றத் தொடங்கும். ஆம்ஃபெட்டமின் கொடுத்தால் எதிர்த்திசையில் சுற்றும், அது நல்ல பக்கத்தில் மட்டும் டோபமைனைக் கொட்டச் செய்வதால். அரைக்கோளக் கிண்ணத்தில் எலியை விட்டு, உடம்பில் மாட்டிய பட்டையிலிருந்து போகும் கம்பி வழியே சுற்றுகளை எண்ணும் கருவியை உங்கர்ஸ்டெட் 1970-ல் விவரித்தார். ஆம்ஃபெட்டமினுக்கு நிமிடத்துக்கு ஐந்து, ஆறு முழுச்சுற்றுக்கு மேல் வந்தால் அந்தப் பக்கத்து டோபமைன் கிட்டத்தட்ட முழுதும் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளலாம். மூளையைத் திறக்காமலே எலியின் நடத்தையை வைத்து உள்ளே என்ன நடந்தது என்று சொல்ல முடிந்தது அந்தக் காலத்தில் பெரிய விஷயம்.

எனக்கு அதைவிட சிலிண்டர் சோதனை பிடிக்கும். மருந்தே வேண்டாம். கண்ணாடி உருளைக்குள் எலியை விட்டால் சுற்றிப் பார்க்கும் ஆர்வத்தில் பின்னங்காலில் எழுந்து நின்று, முன்னங்கையைச் சுவரில் ஊன்றும். ஆரோக்கியமான எலி இரண்டு கையையும் மாறி மாறி ஊன்றும். ஒரு பக்கம் பழுதான எலி ஒரே கையை ஊன்றும், மற்றது மார்போடு மடங்கிக் கிடக்கும். வீடியோவை மெதுவாக ஓட்டி ஒவ்வொரு ஊன்றலையும் எண்ணுவது என் வேலை. பெரியப்பாவின் வீசாத வலது கை அப்போதெல்லாம் நினைவுக்கு வரும். இந்த எலி அவருடைய நோயின் அந்தத் துண்டை உண்மையாகவே சுமக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகம் இருந்ததில்லை.

அந்தத் துண்டு எது என்றால், டோபமைன் இல்லாத நிலை. ஏன் இல்லாமல் போனது என்பதை இந்த எலி சொல்லாது. செல்கள் சில நாட்களில், நாங்கள் ஊற்றிய நச்சால் மடிந்தன. லூயி உருண்டைகள் இல்லை, பல ஆண்டுத் தேய்மானம் இல்லை. எனவே டோபமைனை ஈடுகட்டும் சிகிச்சையைச் சோதிக்க இது அருமையான எலி. லெவோடோபாவை நாள்கணக்கில் கொடுத்தால் நோயாளிகளுக்கு வருவது போன்ற தன்னிச்சையான நெளிவுகள் இதற்கும் வரும். லுண்ட் பல்கலைக்கழகத்தில் ஆஞ்சலா சென்சி 1998-ல் அதை எலியில் அளக்க ஒரு மதிப்பீட்டு முறை கொண்டுவந்த பிறகு, அந்தப் பக்கவிளைவைப் பற்றிய ஆய்வே வேகமெடுத்தது. ஆனால் நோய் முற்றாமல் தடுக்கும் மருந்தை இதில் தேடினால், தேடுவது தவறான இடத்தில்.

சுண்டெலிகளில் அதிகம் பயன்படுவது எம்பிடிபி. அதன் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். 1982-ல் கலிஃபோர்னியாவில், ஹெராயினுக்குப் பதிலாகத் திருட்டுத்தனமாகத் தயாரித்த போதைப்பொருளை ஊசி போட்டுக்கொண்ட சில இளம் வயதினர், பல வருடம் பார்க்கின்சன் முற்றியவர்களைப் போல உறைந்துபோய் மருத்துவமனைக்கு வந்தார்கள். வில்லியம் லாங்ஸ்டன் என்ற நரம்பியல் மருத்துவரும் சக ஆய்வாளர்களும் அந்தத் தூளில் எம்பிடிபி கலந்திருந்ததைக் கண்டுபிடித்து 1983-ல் வெளியிட்டார்கள். நோயாளிகளுக்கு லெவோடோபா வேலை செய்தது. குரங்குகளுக்கும் இதே பாதிப்பு வந்தது. பெரிய எலிகளுக்கு மட்டும் அவ்வளவாக வரவில்லை. சுண்டெலியிலும் எல்லா வகையும் ஒன்றுபோல் இல்லை, சி57 பிளாக் சிக்ஸ் என்ற கறுப்புச் சுண்டெலிக்கு நன்றாகவே ஏறும். உயிரினத்துக்கு உயிரினம், வகைக்கு வகை இப்படி மாறுவதே நம்மை நிதானிக்க வைக்க வேண்டும்.

எம்பிடிபி தானாக நச்சு இல்லை. மூளையில் மாவோ-பி என்ற நொதி அதை மாற்றினால்தான் நச்சாகும். அப்படி மாறியது டோபமைன் செல்லுக்குள் போக, டோபமைனை உள்ளே இழுக்கும் அதே வாயில் வேண்டும். உள்ளே போய், மைட்டோகாண்ட்ரியாவில் செல்லுக்கு ஆற்றல் உண்டாக்கும் சங்கிலியின் முதல் கண்ணியை அடைக்கும். இப்போது யோசித்துப் பாருங்கள். ஒரு மருந்தை முதல் நாளே கொடுத்துவிட்டு, மறுநாள் எம்பிடிபி கொடுக்கிறோம். செல்கள் தப்பிவிட்டன. மருந்து உண்மையிலேயே செல்லைக் காத்ததா, இல்லை அந்த நொதியைத் தடுத்ததால் நச்சே உருவாகவில்லையா, இல்லை அந்த வாயிலை அடைத்ததால் நச்சு உள்ளேயே போகவில்லையா? மூன்றிலும் சுண்டெலி பிழைத்திருக்கும். மனித நோயாளியிடம் எம்பிடிபியே இல்லை. அவருக்கு அந்த மருந்தால் என்ன பயன்?

இது வெறும் யூகமாகச் சொல்வதில்லை. செலிஜிலின் என்ற மருந்து மாவோ-பியைத் தடுக்கும், எம்பிடிபி நச்சைத் தடுத்தது. 800 நோயாளிகளைச் சேர்த்து நடத்திய பெரிய சோதனையின் முதல் முடிவு 1989-ல் வந்தபோது, செலிஜிலின் எடுத்தவர்களுக்கு லெவோடோபா தேவைப்படும் நாள் தள்ளிப்போனதைப் பார்த்து, நோயே மெதுவாகிறது என்ற நம்பிக்கை எழுந்தது. பின்னால் பார்த்தால், அந்த மருந்து அறிகுறிகளைச் சற்றுக் குறைத்ததே அதற்குப் போதுமான காரணமாக இருந்தது. மாத்திரை இன்றும் பயனில் இருக்கிறது. நோயை நிறுத்தும் மருந்தாக அது நிலைக்கவில்லை.

எனவே பெரியப்பா செய்தி அனுப்பினால் நான் முதலில் தேடுவது ஒன்றைத்தான். மருந்தைச் சேதத்துக்கு முன்னால் கொடுத்தார்களா, பின்னால் கொடுத்தார்களா? நோயாளி மருத்துவரிடம் வருவதே கணிசமான செல்கள் போன பிறகு. முன்னால் கொடுத்து வேலை செய்த மருந்தைப் பற்றி அவரிடம் நம்பிக்கையாகப் பேச எனக்கு மனம் வருவதில்லை. அப்புறம் சுண்டெலியின் வயதைப் பார்ப்பேன். பெரும்பாலும் இரண்டு, மூன்று மாதச் சுண்டெலிகளாகத்தான் இருக்கும், அதாவது இளசுகள். ஆண் சுண்டெலிகளை மட்டும் வைத்துச் செய்தார்களா, எண்ணியவருக்கு எது மருந்து கொடுத்த எலி என்று தெரிந்திருந்ததா என்றும் பார்ப்பேன். இவற்றுக்கு விடை இல்லாத கட்டுரைகள் ஏராளம்.

1997-ல் நிலைமை மாறும் என்று எல்லோரும் நினைத்தார்கள். இத்தாலியக் குடும்பம் ஒன்றில் தலைமுறை தலைமுறையாக வந்த பார்க்கின்சனுக்கு ஆல்ஃபா சைநியூக்ளின் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியதே காரணம் என்று கண்டுபிடித்தார்கள். புரதத்தின் 53-ஆம் இடத்தில் அலனின் இருக்க வேண்டும், அவர்களுக்குத் திரியோனின் இருந்தது. அதே ஆண்டு லூயி உருண்டைகள் ஆல்ஃபா சைநியூக்ளினால் ஆனவை என்பதும் தெரிந்தது. இனி அந்த மரபணுவைச் சுண்டெலிக்குக் கொடுத்தால் உண்மையான நோய் வந்துவிடும் என்ற உற்சாகம். ஆனால் ஒரு விஷயம் என்னை இன்றைக்கும் வியக்க வைக்கிறது. எலிகளுக்கும் சுண்டெலிகளுக்கும் அந்த 53-ஆம் இடத்தில் இயல்பாகவே திரியோனின்தான் இருக்கிறது. மனிதனுக்கு நோய் தரும் அதே மாற்றத்தோடுதான் அவை பிறக்கின்றன, சுகமாக வாழ்ந்து முடிக்கின்றன.

மனித மரபணுவை ஏற்றிய சுண்டெலிகளில் புரதம் திரண்டது, சிலவற்றில் நடையும் கெட்டது. ஆனால் நைக்ரா செல்கள் நோயாளிகளில் மடிவது போல மடிந்த வகைகள் குறைவு. பார்க்கின், பிங்க்1, டிஜே-1 ஆகிய மரபணுக்கள் கெட்டால் மனிதருக்கு இளம் வயதிலேயே நோய் வருகிறது. அதே மரபணுக்களை நீக்கிய சுண்டெலிகளில் டோபமைன் செல்கள் பெரும்பாலும் அப்படியே இருந்தன.

ஏன் என்பதற்குச் சில காரணங்கள் நியாயமாகப் படுகின்றன. இரண்டு, மூன்று வருடமே வாழும் உயிரில் பல்லாண்டு நோய்க்கு நேரமே இல்லை. எலியின் ஒரு டோபமைன் செல்லின் இழைக்கிளைகளை நீட்டி வைத்தால் அரை மீட்டர் அளவுக்கு வரும். மனித செல்லுக்கு அது நாலு மீட்டரைத் தாண்டும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஒரு செல் அவ்வளவு நீளத்தைப் பராமரிக்க வேண்டிய சுமை எலிக்குத் தெரியாது. அப்புறம், மனித நைக்ராவைக் கறுப்பாக்கும் நியூரோமெலனின் நிறமி எலிக்குக் கிடையாது. 2019-ல் பார்சிலோனாவில் மிக்கேல் விலாவின் குழு, மனித டைரோசினேஸ் மரபணுவை எலியின் நைக்ராவுக்குள் கொண்டுபோய் அந்த நிறமியை உண்டாக்கிக் காட்டியது. நிறமி ஓரளவுக்கு மேல் சேர்ந்ததும் லூயி உருண்டை போன்ற கட்டிகள் வந்தன, செல்கள் மடிந்தன. இந்தத் துறையில் நான் படித்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்த வேலைகளில் ஒன்று அது. எலியில் இல்லாதது எது என்று கேட்டு, அதைக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள்.

இன்னொரு முறை 2012-ல் வந்தது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் கெல்வின் லுக், வர்ஜீனியா லீ ஆகியோர், ஆய்வகத்தில் திரளவைத்த ஆல்ஃபா சைநியூக்ளின் நாரிழைகளைச் சாதாரணச் சுண்டெலியின் ஸ்ட்ரையேட்டத்தில் ஒரே ஒருமுறை செலுத்தினார்கள். அந்த விதை சுண்டெலியின் சொந்தப் புரதத்தையே திரளச் செய்தது. நரம்பு இணைப்புகள் வழியே திரள் பரவியது, மாதக்கணக்கில் மெல்ல நைக்ரா செல்கள் மடிந்தன. அந்தப் புரதமே இல்லாத சுண்டெலியில் எதுவும் பரவவில்லை. இதற்கு ஒரு பின்னணி உண்டு. கரு மூளைத் திசு பதிக்கப்பட்ட நோயாளிகள் சிலர் பத்து ஆண்டுகளுக்கு மேல் கழித்து இறந்தபோது, பதித்த இளம் செல்களுக்குள்ளேயே லூயி உருண்டைகள் இருப்பதை 2008-ல் பார்த்தார்கள். நோய் செல்லிலிருந்து செல்லுக்குப் போகிறது என்ற சந்தேகத்தை நோயாளிகள் தந்தார்கள், சுண்டெலி அதைச் சோதிக்க இடம் கொடுத்தது. 2019-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் குழு அதே நாரிழைகளைச் சுண்டெலியின் குடல் தசையில் செலுத்தியபோது அவை மூளை வரை ஏறின, குடலையும் மூளையையும் இணைக்கும் வேகஸ் நரம்பை வெட்டியிருந்தால் ஏறவில்லை. பெரியப்பாவிடம் இதைச் சொன்னபோது அவர் சொன்ன பதில், "எனக்கு மலச்சிக்கல் இருபது வருஷமா இருக்கே, யாரும் கேக்கலையே."

இந்த முறைக்குப் பொறுமை வேண்டும். நாரிழைகளை ஒலியலையால் சின்னச் சின்னத் துண்டுகளாக உடைக்காவிட்டால் விதைக்காது. உடைத்தது சரியான நீளமா என்று எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். பிறகு ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். ஆய்வு நிதியோ பட்டமோ அவ்வளவு காத்திருப்பதில்லை என்பதால் இன்னமும் பலர் ஒரு வாரத்தில் முடியும் எம்பிடிபிக்கே போகிறார்கள். அதைப் புரிந்துகொள்கிறேன், ஆனால் சரி என்று சொல்ல மாட்டேன்.

இப்போது பெரியப்பாவின் கேள்விக்கு மிக நெருக்கமான கதை. ஜிடிஎன்எஃப் என்ற வளர்ச்சிக் காரணி 1993-ல் கண்டுபிடிக்கப்பட்டது. நச்சு கொடுத்த எலிகளிலும் குரங்குகளிலும் டோபமைன் செல்களை அது காப்பாற்றியது, இழைகளை மறுபடி முளைக்கச் செய்தது. அதை நேராக மூளைக்குள் செலுத்தி 34 நோயாளிகளிடம் நடத்திய, போலி சிகிச்சையோடு ஒப்பிட்ட சோதனையின் முடிவு 2006-ல் வந்தது. எதிர்பார்த்த பலன் இல்லை. மருந்து மூளையில் போதுமான இடத்துக்குப் பரவவில்லை என்று சிலர் சொன்னார்கள், அதிலும் நியாயம் உண்டு. ஆனால் 2011-ல் லுண்ட் பல்கலைக்கழகக் குழு வெளியிட்டது என்னை அதிகம் யோசிக்க வைத்தது. 6-ஹைட்ராக்ஸிடோபமைன் எலிகளைக் காப்பாற்றிய அதே ஜிடிஎன்எஃப், ஆல்ஃபா சைநியூக்ளினை வைரஸ் மூலம் மிகையாக உண்டாக்கிய எலிகளில் செல்களைக் காப்பாற்றவில்லை. மருந்து அதேதான், எலியும் அதே இனம்தான், செல்லைக் கொல்வது மட்டும் வேறு. இந்தச் சோதனையை நோயாளிகளின் மூளையில் குழாய் இறக்குவதற்கு முன்பே செய்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இஸ்ராடிபின் என்ற ரத்த அழுத்த மருந்தும் அப்படித்தான். 2007-ல் சுண்டெலிகளில் மிக அழகான முடிவு. 336 நோயாளிகள் மூன்று ஆண்டு இஸ்ராடிபினோ போலி மாத்திரையோ எடுத்துக்கொண்டார்கள், 2020-ல் வந்த முடிவில் மருந்தால் நோய் மெதுவாகவில்லை. அந்த 336 பேரையும் நான் நினைத்துப் பார்ப்பதுண்டு. மூன்று வருடம் மாத்திரை, மருத்துவமனை, பரிசோதனை. எங்கள் சிலிண்டர், எங்கள் எண்ணிக்கை எவ்வளவு ஒழுங்காக இருக்க வேண்டும் என்பதற்கு அவர்களே காரணம்.

எலிகளுக்கும் அதே கடமை இருக்கிறது. 1959-ல் ரஸ்ஸலும் பர்ச்சும் முன்வைத்த மூன்று நெறிகளை, அதாவது விலங்குக்கு மாற்று தேடுவது, எண்ணிக்கையைக் குறைப்பது, துன்பத்தைக் குறைப்பது என்பதை, எல்லா ஆய்வகமும் சுவரில் ஒட்டி வைத்திருக்கும். கையில் எடுக்கும் விதத்தில்தான் அது நிஜமாகத் தெரியும். சுண்டெலியை வாலைப் பிடித்துத் தூக்குவதே பழக்கமாக இருந்தது. 2010-ல் ஜேன் ஹர்ஸ்ட், ரெபேக்கா வெஸ்ட் இருவரும் அப்படித் தூக்கினால் அவற்றுக்குப் பதற்றம் கூடுகிறது, ஒரு குழாய்க்குள் ஏற விட்டோ உள்ளங்கையில் ஏந்தியோ எடுத்தால் குறைகிறது என்று காட்டினார்கள். அதன் பிறகு எங்கள் கூண்டுகளில் குழாய் வந்தது. பதறிப்போன சுண்டெலி சோதனைக் கம்பத்திலிருந்து இறங்கும் வேகத்தை வைத்து மருந்தை எடைபோட முடியாது என்பது ஆய்வுக்கான காரணம். அந்தக் காரணம் இல்லாவிட்டாலும் குழாய் வேண்டும் என்பேன்.

கடைசியாக ஒன்று. பெரியப்பாவிடம் நான் முழு நம்பிக்கையோடு பேசுகிற ஒரே எலிச் செய்தி, செல் பதிப்பு பற்றியது. 1979-ல் இரண்டு குழுக்கள், நச்சு கொடுத்த எலிகளுக்குக் கருவின் டோபமைன் செல்களைப் பதித்துச் சுற்றல் குறைவதைக் காட்டின. அந்தப் பாதையில்தான் இன்றைய ஸ்டெம் செல் சிகிச்சை வந்திருக்கிறது. இங்கே எலியிடம் கேட்கும் கேள்வி அதற்குப் பதில் தெரிந்த கேள்வி. இந்தச் செல் பிழைக்கிறதா, டோபமைன் சுரக்கிறதா, கட்டியாக வளராமல் இருக்கிறதா, எலியின் சுற்றலை நிறுத்துகிறதா? டோபமைன் இல்லாத எலிதான் இதற்குச் சரியான எலி. மனித செல்லை எலி நிராகரிக்காமல் இருக்க, எதிர்ப்புச் சக்தி குறைந்த எலியை எடுக்க வேண்டும். பதித்த பின் நாலைந்து மாதம் பொறுக்க வேண்டும், ஏனென்றால் எலியின் மூளைக்குள் போனாலும் மனித செல் தனக்குரிய நேரம் எடுத்துக்கொண்டே முதிர்கிறது. 2025 ஏப்ரலில் இரண்டு மனிதச் சோதனைகளின் முடிவு வெளியானது, கியோட்டோவில் 7 பேர், வட அமெரிக்காவில் 12 பேர். இரண்டும் முதலில் பாதுகாப்பைப் பார்ப்பதற்கான சிறிய சோதனைகள். செல்கள் பிழைத்தன, டோபமைன் உருவாவது ஸ்கேனில் தெரிந்தது, செல்களால் பெரிய ஆபத்து எதுவும் வரவில்லை. சிலருக்கு அசைவுகள் மேம்பட்டன. போலி சிகிச்சையோடு ஒப்பிடும் பெரிய சோதனை முடிந்தால்தான் எவ்வளவு பலன் என்று சொல்ல முடியும். மலச்சிக்கலையும் தூக்கத்தையும் இது சரிசெய்யும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை, அவை வேறு செல்கள் சம்பந்தப்பட்டவை. இதையும் அவரிடம் சொல்லிவிட்டேன். "கை அசைஞ்சா போதும்மா, மிச்சத்தை நான் பாத்துக்கறேன்" என்றார். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது, எந்தச் சோதனையில் எந்த வயது வரை சேர்க்கிறார்கள் என்று கேட்க ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.